மானேஜரைப் பார்க்க வந்தவன்

அகல்யா முதன்முதலில் ஒரு தெருநாயைப் படம் பிடித்தது தன் கணவர் வசந்தனை நம்ப வைப்பதற்காகத்தான். அன்றைக்கு மெர்லிமாவ் கிளினிக்கில் ரத்தம் எடுக்கும் தாதி தாமதமாக வந்ததால், அவள் வெளியே இருபது நிமிடம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குள் வீட்டிலிருந்து வசந்தன் மூன்று முறை போன் செய்துவிட்டார்.

"ஏன் ஒரே எடத்துல நிக்கிற?"

"கிளினிக்லதாங்க நிக்கிறேன்."

"யாரோட?"

கிளினிக் வாசலில் ஒரு கறுப்பு நாய் நான்கு கால்களையும் நான்கு பக்கம் போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. அகல்யா அதைப் படம் எடுத்து, 'இவரோடதான்' என்று எழுதி அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் பயம் வந்தது, கோபித்துக்கொள்வாரோ என்று. உடனே போன் அடித்தது. எடுத்தால் மறுமுனையில் சிரிப்பு. விபத்துக்குப் பிறகு வசந்தன் சிரித்து அவள் கேட்டது அன்றுதான்.

அகல்யா மலாக்காவில், பெம்பானுக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பிறந்தவள். பதினெட்டு வயதில் ஃபாக்டரிக்குப் போய், பன்னிரண்டு வருசம் நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து மின்சாதனச் சில்லுகளைச் சோதித்தாள். ஃபாக்டரியை மூடியபோது, ஆயர் குரோவில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஆள் கேட்டது. சிறிய ஊர்களின் கிளினிக்குகளுக்கு மோட்டார் சைக்கிளில் போய், ரத்த மாதிரிக் குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கி, பகல் ஒரு மணிக்குள் லேப்புக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வேலை. அதுவரை ஆண்களே பார்த்துவந்த வேலை. மேனேஜ்மென்ட்டுக்குத் தயக்கமாக இருந்தது. "ரோடு எல்லாம் எனக்குத் தெரியும் சார், செம்பனைக் காட்டுக்குள்ள விட்டாலும் வெளிய வந்துருவேன்" என்று சொல்லி அந்த வேலையை வாங்கினாள். மோட்டாரின் பின்னால் நீலப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஜாசின் சாலையில் தனியாகப் போன முதல் நாள் காலையில், ஹெல்மெட்டுக்குள் அவள் பாடிக்கொண்டே போனாள். அந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

வசந்தன் அப்போது கொள்கலன் லாரி ஓட்டினார். வாரத்தில் ஐந்து நாள் வீட்டில் இருக்கமாட்டார். அவள் எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதும் இல்லை. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு மழை நாளில் நெடுஞ்சாலை நுழைவாயிலில் லாரி கவிழ்ந்தது. முதுகுத் தண்டில் அடி. இரண்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, நான்கு கால் வைத்த இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரை நடக்க முடிந்தது. மற்ற நேரமெல்லாம் முன்னறை நாற்காலிதான். பிள்ளைகளும் இல்லை. அவள் காலை ஆறேமுக்காலுக்கு கேட்டைச் சாத்திவிட்டுப் போனால், மறுபடி அந்தக் கேட் திறக்கும் சத்தம் கேட்கும் வரை அவருக்கு அந்தச் சுவர்கள்தான்.

"லைவ் லொகேஷன் போட்டு விடு" என்று அவர்தான் கேட்டார். "மோட்டார்ல போறவ. எங்கயாச்சும் விழுந்து கெடந்தா எனக்கு எப்டித் தெரியும்?"

அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. போட்டாள். அன்று முதல் அவர் போன் திரையில் அவள் ஒரு நீலப் புள்ளி ஆனாள். புள்ளி நகர்ந்தால் வீட்டில் அமைதி; நின்றால் போன் வரும். சிக்னலில் நிற்பதற்கும் கிளினிக்கில் நிற்பதற்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியும். லாரி ஓட்டிய மனுசன், ஒவ்வொரு சந்திப்பும் மனப்பாடம். ஒருநாள் சாலையோரம் நிறுத்தி மழைக்கோட்டு போட்டுக்கொண்டதற்கு, "அங்க கடையே இல்லியே, எதுக்கு நின்ன?" என்று கேட்டார். அதட்டலாகக் கேட்கவில்லை. பயந்த குரல். அந்தக் குரலிடம் சண்டை போட அவளுக்கு மனம் வரவில்லை.

கறுப்பு நாய்க்குப் பிறகு அவள் நின்ற இடத்திலெல்லாம் ஒரு நாயைத் தேட ஆரம்பித்தாள். நாய் இல்லாத ஊர் உண்டா? ஜாசின் பாசாரில் மீன்கடை மேசைக்கு அடியில் ஒன்று. மலாக்கா டவுனில் பழைய கடை வரிசையில் ஷட்டர் திறக்கும் வரை காத்திருக்கும் ஒன்று. படம் போனால் வசந்தன் கேள்வி கேட்பதில்லை. பிறகு அவரே அந்தப் படங்களை ஃபேஸ்புக்கில் 'வாலாட்டி' என்று ஒரு பக்கம் திறந்து போடத் தொடங்கினார். நாயே பேசுவதுபோல் ஒரு வரி எழுதுவார். மீன்கடை நாய்க்கு, 'நான் கஸ்டமர் இல்ல, குவாலிட்டி கன்ட்ரோல்' என்று எழுதினார். ஷட்டர் நாய்க்கு, 'நேத்து லீவு, இன்னிக்கும் லீவு, நாளைக்கு டாக்டர்கிட்ட எம்.சி. வாங்கலாம்னு இருக்கேன்.' இந்த மனிதருக்குள் இத்தனை குறும்பு இருந்தது என்று கட்டிய மனைவிக்கே தெரியாது. ஒரு வருடத்துக்குள் நாற்பதாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். கிள்ளானிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் காலையில் எழுந்ததும் வாலாட்டியைப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குவதாக எழுதினார்கள். வசந்தன் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினார். சட்டை மாற்றிக்கொண்டு, தலை சீவிக்கொண்டு உட்கார ஆரம்பித்தார்.

அகல்யாவுக்கு அதில் சந்தோசந்தான். ஆனால் சந்தோசம் கொஞ்சம் கொஞ்சமாக வேலையாக மாறியது. "இன்னிக்கு ஒன்னும் அனுப்பலியே?" என்று போன் வரும். "வெளிச்சம் பத்தல, இன்னொன்னு எடு லா." "அந்தக் கால் ஒடிஞ்ச நாயி என்னாச்சுன்னு எல்லாரும் கேக்குறாங்க, போற வழிதானே, ஒரு எட்டு பாத்துட்டு வா." ரத்த மாதிரிக் குழாய்கள் பெட்டிக்குள் இருக்க, வெயிலில் குந்தி உட்கார்ந்து, ஒரு நாய் தலையைத் திருப்பும்வரை காத்திருப்பாள். நின்றால் சந்தேகப்பட்டவர் இப்போது நில்லு நில்லு என்றார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் சொல்லும் இடத்தில்தான் அவள் நிற்க வேண்டியிருந்தது.

பெம்பானில் மட்டும் அவள் தனக்காக நின்றாள்.

பெம்பான் கிளினிக்குக்கு இரண்டு கடை தள்ளி ராஜம்மா என்ற அறுபது வயதுப் பெண்மணியின் டோபிக் கடை. அந்தக் கடையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு செந்நிற நாய், முன்னங்கால்களை நேராக ஊன்றி, மார்பை நிமிர்த்தி, போகிற வருகிறவர்களைக் கண்காணித்தபடி உட்கார்ந்திருக்கும். ராஜம்மா அதற்கு மானேஜர் என்று பெயர் வைத்திருந்தார். வாலாட்டி பக்கத்தில் மானேஜருக்குத் தனிக் கூட்டமே இருந்தது.

கடையில் துணி மடிக்கும் வேலைக்கு வந்த ஷாந்தினிதான் அதற்குச் சோறு வைப்பவள். முப்பது வயதிருக்கும். எட்டு மாதத்துக்கு முன் ஒரு பையோடு வந்தவளாம். கடைக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில் தங்கிக்கொள்ள ராஜம்மா இடம் கொடுத்திருந்தார். அகல்யா படம் எடுக்கக் குனிந்த முதல் நாளே ஷாந்தினி கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

"அக்கா, என்னைய மட்டும் எடுத்துடாதீங்க."

"நாயத்தான்மா எடுக்கிறேன்."

"தெரியும்கா. இருந்தாலும் சொல்றேன்."

ஏன் என்று அகல்யா கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் விட்டதாலேயே ஷாந்தினிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. செவ்வாயும் வெள்ளியும் எட்டரை மணிக்கு அகல்யா வரும்போது, பெரிய கோப்பையில் பால் சேர்க்காத தேநீர், தே ஓ, கலக்கி வைத்திருப்பாள். கடைப்படியில் நாய்க்கு இரண்டு பக்கமும் இருவரும் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசுவார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, சோப்பு வாடை, மழை, மானேஜர் நேற்று யார் செருப்பைத் தூக்கிக்கொண்டு போனது, இந்த மாதிரி. அகல்யாவுக்கு வேறு எங்கேயும் இப்படிப் பேச்சு இல்லை.

ஒருநாள் ஷாந்தினி, மடித்த துவாலையை மடியில் வைத்துக்கொண்டு, தானாகவே சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரு, நான் பாத்ரூம் போனாக்கூட கைல கடிகாரத்த வச்சிக்கிட்டு நிப்பாருக்கா. அஞ்சு நிமிசம் ஆச்சு, என்னா பண்ணுனேன்னு கேப்பாரு."

அகல்யா சிரித்துவிட்டாள். "அதெல்லாம் எல்லா வீட்லயும் கேக்குறதுதான்மா."

ஷாந்தினி சிரிக்கவில்லை. "எல்லா வீட்லயும் கேக்க மாட்டாங்கக்கா" என்றாள்.

இந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி அகல்யா வீட்டில் மூச்சுவிட்டதில்லை. மானேஜர் லேசில் முகம் காட்டாது, நல்ல படம் கிடைக்க நேரமாகும் என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். ஷாந்தினி என்று ஒருத்தி இருப்பதே வசந்தனுக்குத் தெரியாது. சொன்னால், யாரு, எந்த ஊரு, எதுக்குப் பேசுற என்று வரும். அதற்குப் பயந்து மறைத்தாள். அவளை எடுக்கக்கூடாது என்ற ஒரு சங்கதியும் அதோடு சேர்ந்து மறைந்துபோனது.

அந்த வெள்ளிக்கிழமை மானேஜர் ஒரு குவியல் வெள்ளைத் துவாலையின்மேல் ஏறி மகாராஜாபோல் படுத்திருந்தது. பன்னிரண்டு படம் எடுத்து, எப்போதும்போல் அத்தனையையும் வசந்தனுக்கு அனுப்பிவிட்டு ஜாசினுக்குக் கிளம்பினாள். வசந்தன் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 'துணி துவைச்சாச்சு, இனி நான் அழுக்காக்கணும், எவ்ளோ வேல' என்று எழுதி, பெம்பான் என்று ஊர்ப் பெயரையும் குறித்துப் போட்டார். சாயங்காலத்துக்குள் நான்காயிரம் பேர் அதைப் பகிர்ந்திருந்தார்கள். பக்கத்தின் வரலாற்றிலேயே அதுதான் அதிகம். அன்று இரவுச் சாப்பாட்டில் வசந்தன் இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை மாலை அவள் வேலை முடிந்து வந்ததும் அவர் முகமெல்லாம் ஒளியாக இருந்தது. "மானேஜருக்கு வீடு கெடச்சிருச்சு" என்றார். தங்காக்கிலிருந்து ஒரு தம்பி சனிக்கிழமையே எழுதியிருந்தாராம். பெரிய காம்பவுண்டு வீடு. நாய் வளர்த்துப் பழக்கமாம். எங்கே பார்க்கலாம், எத்தனை மணிக்கு என்று பணிவாகக் கேட்டிருந்தார். "நாளைக்கு எட்டரைக்கு வரச் சொல்லிட்டேன். டோபிக் கடை எதுன்னும் சொல்லிட்டேன். நீ இருந்து எடுத்துக் குடு. நாய ஏத்திக்கிட்டுப் போறப்ப ஒரு படம் எடு. இத்தன நாளா படம் போட்டோம், ஒரு நாயிக்காவது நல்லது நடக்கட்டும்."

அகல்யாவுக்கு வந்தது சந்தோசம் இல்லை. நாய் போய்விட்டால் பெம்பானில் நிற்க என்ன காரணம் சொல்வது என்ற கவலைதான் அது. அந்த நினைப்புக்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் எட்டேகாலுக்கே அவள் பெம்பான் போய்விட்டாள். அதற்கு முன்பே கடைப்படியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். தேய்த்த முழுக்கைச் சட்டை, காலில் பளபளக்கும் சப்பாத்து. கையில் புதிய கழுத்துப்பட்டை. மானேஜர் அவன் கொடுத்த சாசேஜைத் தின்றுவிட்டு அவன் விரலை நக்கிக்கொண்டிருந்தது.

"வாலாட்டி அக்காவா? என் பேரு நிவேந்திரன். அண்ணன் சொன்னாரு." எழுந்து நின்று இரண்டு கைகளையும் சேர்த்தான். "நீங்க எடுக்கிற படம் ரொம்பத் தெளிவா இருக்குக்கா. சின்னச் சின்ன விசயம்கூடத் தெரியுது."

அவன் நாயைப் பார்த்துப் பேசவில்லை. அகல்யாவையும் பார்க்கவில்லை. கண்கள் கண்ணாடிக் கதவிலேயே இருந்தன. கடை இன்னும் திறக்கவில்லை. உள்ளே விளக்கு மட்டும் எரிந்தது.

"நாய் இதுதான் தம்பி. கூட்டிட்டுப் போறீங்களா?"

"போலாம்கா. அவசரமில்ல." போனை எடுத்து அவளிடம் நீட்டினான். துவாலை மேல் படுத்த மானேஜர் படம். அதை இரண்டு விரலால் பெரிதாக்கி வைத்திருந்தான். நாய் திரையில் இல்லை. கண்ணாடிக் கதவின் ஓரம்தான் இருந்தது. அதில் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முகத்தைப் பாதி திருப்பியபடி ஷாந்தினி தெரிந்தாள். கதவுக்குப் பின்னால் ஒதுங்கியவளை அந்தக் கண்ணாடி பிடித்து வைத்திருந்தது.

"இவங்க இங்கதான் வேல செய்றாங்களாக்கா?"

அகல்யா பார்வையைத் திரையிலிருந்து நாய்மேல் திருப்பினாள். "தெரியாதுப்பா. நான் நாயத்தான் எடுக்கிறேன்" என்றாள்.

"நான் அவளோட புருசன்கா" என்றான் அவன், அதே பணிவோடு. "சண்ட போட வரல. எங்க மாமியார் காடிலதான் இருக்காங்க. பேசிக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்." எதிர்ப்புறம் நின்ற வெள்ளைக் காரில் ஒரு வயதான அம்மாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கிளினிக்கில் ரத்தம் எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு அகல்யா நடந்தாள். கிளினிக்கைத் தாண்டி, கடை வரிசையைச் சுற்றிக்கொண்டு பின்சந்துக்குப் போய், டோபிக் கடையின் பின்கதவைத் தட்டினாள். ராஜம்மா திறந்தார். ஷாந்தினி துணி உலர்த்தும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் இடையில் குந்தி உட்கார்ந்திருந்தாள். அவள் ஏற்கெனவே அவனைப் பார்த்துவிட்டாள்.

"போலீசுக்குப் போன் போடுறேன்னு சொன்னா வேணாங்கிறா" என்றார் ராஜம்மா.

"போலீஸ் வந்தா அவரு நல்லாப் பேசுவாரு ஆண்டி" என்றாள் ஷாந்தினி. "எங்க அம்மாவக் கூட்டிட்டு வந்துருக்காரு. அம்மா அழுவாங்க. அம்மா அழுதா நான் போயிருவேன். எனக்கே தெரியும், போயிருவேன்." பிறகு அகல்யாவை நிமிர்ந்து பார்த்தாள். "எப்டிக்கா வந்தாரு?"

பொய் சொல்ல அகல்யாவுக்கு ஒரு கணம் ஆசையாக இருந்தது. "என் படத்துல கண்ணாடில நீ இருந்துருக்கம்மா. நான் பாக்கல" என்றாள்.

ஷாந்தினி எழுந்து தன் பையை எடுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

அதற்குமேல் யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. ராஜம்மா தன் ஹெல்மெட்டை எடுத்து ஷாந்தினியின் தலையில் மாட்டினார். மேசை இழுப்பறையில் இருந்த பணத்தை அள்ளி அவள் பைக்குள் திணித்தார். பிறகு முன்பக்கம் போய்க் கதவைத் திறந்து, "யாரு தம்பி நீங்க? கட ஒம்பது மணிக்குத்தான்" என்று சத்தமாகப் பேச ஆரம்பித்தார். அகல்யா கிளினிக் வாசலில் நிறுத்தியிருந்த மோட்டாரை ஓசையில்லாமல் பின்சந்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். நீலப் பெட்டிக்கும் அவள் முதுகுக்கும் நடுவில் ஷாந்தினி தன்னை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பெம்பான் கிளினிக் ரத்தத்தை அகல்யா எடுக்கவே இல்லை.

மலாக்கா சாலையில் ஐந்து நிமிடம் போயிருப்பார்கள். சட்டைப்பையில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. எடுக்காவிட்டால் அவர் லேப்புக்குப் போன் செய்வார். ஓரமாக நிறுத்தி எடுத்தாள்.

"எங்க போற? ஜாசின் அந்தப் பக்கம் இல்லியே" என்றார் வசந்தன்.

"ஒரு அவசரங்க. வந்து சொல்றேன்."

"அந்தத் தம்பி மெசேஜ் போட்டுருக்காரு. அக்காவக் காணோம், எந்தப் பக்கம் போனாங்கன்னு கேக்குறாரு. நாய் விசயமா இருக்கும்."

"அவருக்கு ஒன்னும் சொல்லிறாதீங்க."

"சொல்லிட்டேனே. மலாக்கா ரோட்ல போறான்னு இப்பதான் போட்டேன். ஏன்?"

தோளைப் பிடித்திருந்த ஷாந்தினியின் விரல்கள் சட்டையோடு சதையில் புதைந்தன. அவளுக்கும் கேட்டுவிட்டது. அகல்யா போனைக் காதிலிருந்து எடுத்து, வசந்தன் ஹலோ ஹலோ என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். திரை கறுத்தது. நான்கு வருடத்தில் அவள் அந்தப் போனை அணைத்தது அதுவே முதல் தடவை.

அடுத்த திருப்பத்திலேயே தார்ச்சாலையை விட்டுச் செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் இறங்கினாள். பழக் குலை ஏற்றும் லாரிகள் போய்ப் போய்ப் பள்ளமான பாதை. பின்னால் ஏதாவது வண்டி வருகிறதா என்று கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஓட்டினாள். வெள்ளையாக எது தெரிந்தாலும் வேகத்தைக் கூட்டினாள். தோட்டத்தில் வெள்ளையாக இருந்ததெல்லாம் கொக்குகள்தான். ஒரு மணி நேரம் சுற்றி, வெள்ளைக் கார் போயிருக்கும் என்று தோன்றும் வரை மரங்களுக்கு நடுவில் காத்திருந்து, மதியத்துக்கு மேல்தான் மலாக்கா பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கமாக வந்து சேர்ந்தார்கள்.

ஷாந்தினி ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்தாள். முகம் முழுக்கச் செம்மண். "ஈப்போல என் கூடப் படிச்ச..." என்று ஆரம்பித்தாள்.

"சொல்லாத" என்றாள் அகல்யா. "எந்த ஊருன்னு எனக்குச் சொல்லாத. நான் போனப்புறம் டிக்கெட் வாங்கு."

ஆனால் அந்த ஒரு சொல் காதில் விழுந்துவிட்டது. ஈப்போ. அதை அவள் இன்றுவரை உதட்டுக்கு வரவிடவில்லை.

"படத்த அழிச்சிடுவீங்களாக்கா?"

"இன்னிக்கே அழிச்சிடுறேன்."

ஷாந்தினி தலையாட்டிவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று அகல்யா லேப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. பெட்டியில் ஐஸ் தண்ணீராகியிருந்தது. காலையில் முதலில் எடுத்த ஆறு பேரின் ரத்தம் கெட்டுப்போயிற்று. அவர்களில் ஒருவர் எண்பது வயதுக்காரர், நரம்பு கிடைக்காமல் நான்கு இடத்தில் குத்தி எடுத்தது. அவரை மறுபடி வரச் சொல்ல வேண்டியதாயிற்று. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். காரணம் கேட்டார்கள். மோட்டார் பஞ்சர் என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது கேட் திறந்து கிடந்தது. வசந்தன் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே, வெயிலில், கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எத்தனை நேரமாக நிற்கிறாரோ, முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேசன், அவளுடைய அண்ணன், எல்லாருக்கும் போன் செய்திருந்தார். அவளைக் கண்டதும் திட்டவில்லை. அவள் தோளைத் தொட்டுப் பார்த்தார். அவரை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். படியில் உட்கார்ந்து தே ஓ குடித்த பத்து நிமிடங்களையும் சேர்த்தே சொன்னாள்.

வசந்தன் போனை எடுத்து, நிவேந்திரனுக்குத் தான் எழுதிய பதில்களை முதலிலிருந்து படித்தார். எந்தக் கடை, எத்தனை மணி, எந்தச் சாலை.

"நாயிக்குன்னுதானே நெனச்சேன்" என்றார்.

"தெரியும்ங்க."

"அந்தப் பிள்ளையப் பத்தி நீ ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீங்க கேள்வி கேப்பீங்க."

அவர் அழுதார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. தேற்ற வேண்டும் என்று தோன்றியது. ஆனால் கை எழவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து செம்மண் படிந்த தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படத்தை அன்றே அழித்தார்கள். அழித்து என்ன? அதற்குள் ஊரெல்லாம் போயிருந்தது. யாரோ அதன்மேல் பூப்போட்டு காலை வணக்கம் எழுதிவிட்டிருந்தார்கள். ஒரு மாதம் கழித்து அகல்யாவின் அண்ணியே குடும்பக் குழுவில் அதை அனுப்பினாள். கண்ணாடி ஓரத்தில் கூடையோடு ஷாந்தினி அப்படியே நின்றாள். இதை யாருக்கும் அனுப்பாதீங்க அண்ணி என்று சொல்லப் போனால் ஏன் என்று கேட்பார்கள். அகல்யா பேசாமல் இருந்துவிட்டாள்.

பக்கத்தை மூடிவிடலாம் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். வசந்தன் சரி என்றார். மறுநாள் அவர் சட்டை மாற்றவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. நான்காம் நாள் அவளே மலாக்கா டவுனில் ஒரு நாயை, வெறும் சுவரை ஒட்டி நிற்கவைத்து எடுத்து அனுப்பினாள். இப்போது ஊர்ப் பெயர் போடுவதில்லை. நாயைச் சுற்றி ஒரு விரல்கடை விட்டு மற்றதையெல்லாம் வெட்டிவிடுகிறார். முன்புபோல் இல்லையே, குளோசப்பாகவே இருக்கிறதே என்று ஆட்கள் குறைப்படுகிறார்கள். நிவேந்திரனைத் தடுத்தால் வேறு பெயரில் வருகிறான். ஒவ்வொரு புதுப் பெயரையும் வசந்தன் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறார். நாய் தத்தெடுக்க விரும்புவதாக யார் எழுதினாலும் இப்போது அவர் பதில் போடுவதில்லை. ராஜம்மாவும் அகல்யாவும் சேர்ந்து போலீசில் ஒரு ரிப்போர்ட் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வெள்ளைக் கார் பெம்பானில் தினமும் நிற்பதில்லை, எப்போதாவது நிற்கிறது. பெம்பானை வேறு ஆளுக்கு மாற்றித் தரும்படி அகல்யா லேப்பில் கேட்டாள். எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவள் ரூட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஷாந்தினி போய்ச் சேர்ந்தாளா, பாதி வழியில் அம்மாவுக்குப் போன் செய்து மனம் இளகித் திரும்பிவிட்டாளா, அகல்யாவுக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் முடியாது. கேட்பதே ஒரு தடயம் ஆகிவிடும்.

லைவ் லொகேஷனை நிறுத்திக்கொள்ளும்படி வசந்தனே ஒருநாள் சொன்னார். அவள் நிறுத்தினாள். இரண்டு நாள் அவர் போன் செய்யவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். மூன்றாம் நாள் மதியம் அவள் வீட்டுக்கு வந்தபோது, வைத்துவிட்டுப் போன சோறு தொடாமல் இருந்தது, அவர் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. அவள் போனை எடுத்து லொகேஷனை மறுபடியும் போட்டுவிட்டாள். "நான் கேக்கலியே" என்றார். "தெரியும்" என்றாள்.

போன வாரம் மெர்லிமாவில் தாதி மறுபடி தாமதம். அகல்யா கிளினிக் வெளிச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிடம் ஆனதும் போன் அடித்தது. ஒருமுறை முழுக்க அடித்து ஓயவிட்டாள். இரண்டாம் முறை எடுத்தாள்.

"ஒன்னுமில்ல" என்றார் வசந்தன் அவசரமாக. "சாப்டியான்னு கேக்கத்தான்."

"இன்னும் இல்லங்க."

"வெயில்ல நிக்காத, என்னா."

"ம்."

மறுமுனையில் அவர் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. கிளினிக் கதவு திறந்து தாதி பெயர் சொல்லிக் கூப்பிடும் வரை, இரண்டு பேரும் பேசாமலே இருந்தார்கள்.